முயலுக்கு முதலில் புல், பிறகே அடர்தீவனம்

வீட்டோரம் பத்துப் பதினைந்து முயல்களை வளர்க்கும் சிறு விவசாயிகளில் பலர், கடையில் வாங்கும் குச்சித் தீவனம் இருந்தால் போதும், புல் தேவையில்லை என்று எண்ணுகிறார்கள். பால் மறந்த குட்டிகள் வயிறு உப்பியும் கழிந்தும் மடியும்போது, ஏதோ சீக்கு என்று பழியைப் போடுகிறார்கள். இந்த இழப்பில் பெரும்பங்கு தீவனத் தட்டிலேயே தொடங்குகிறது என்பது என் கருத்து.

முயல் அசைபோடும் பிராணி அல்ல; அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது. தின்றது குடலில் தேங்காமல் நகர்வதற்கு நீளமான நார் வேண்டும். அதன் பின்குடலில் பை போன்ற ஒரு பகுதி உண்டு. அங்கே வாழும் நுண்ணுயிர்கள்தாம் நாரைச் செரிக்கின்றன. அப்படிக் கிடைத்த சத்தைத் திரும்பப் பெறவே, முயல் தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்கிறது. இதை நோய் என்று எண்ண வேண்டாம். நார் குறைந்து மாவுப்பொருள் மிகுந்தால் தீய நுண்ணுயிர்கள் பெருகிக் கழிச்சல் கண்டுவிடும். வாழ்நாள் முழுதும் வளரும் பற்கள் தேயவும் புல்லை மெல்லுவது அவசியம்.

எந்தக் காய்ந்த புல் நல்லது? கொழுக்கட்டைப் புல், கினியாப் புல், அறுகு ஆகியவற்றை உலர்த்தி, வளர்ந்த முயல்களுக்கு எப்போதும் கிடைக்கும்படி வைக்கலாம். குதிரைமசாலும் வேலிமசாலும் புரதம் மிகுந்தவை. குட்டிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்களுக்கும் இவை ஏற்றவை. வளர்ந்த முயலுக்குக் குதிரைமசாலையே முழு உணவாக்கினால் சுண்ணாம்புச் சத்து மிகுந்து, சிறுநீர்ப்பையில் கல் உண்டாகக்கூடும். வைக்கோலில் சத்து குறைவு. அதைப் படுக்கைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிலக்கடலைக் கொடி சத்துள்ளதே. ஆனால் பூஞ்சாணம் பிடித்த கொடியைத் தொடவே கூடாது. பூஞ்சாண நஞ்சை முயல் சிறிதும் தாங்காது.

புல்லைப் பூ எடுக்கும் தருணத்தில் அறுக்க வேண்டும். முற்றினால் தண்டு கட்டையாகிவிடும். பனி விலகிய பின் அறுத்து, மெல்லப் பரப்பி, அடிக்கடி புரட்டி உலர்த்துங்கள். கையில் முறுக்கினால் ஈரம் தட்டக்கூடாது. ஆனால் பச்சை நிறமும் நல்ல மணமும் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வரும் தை, மாசி வெயில் இதற்கு ஏற்றது. உலர்ந்ததைத் தரையில் போடாமல் பரண் மேல் சேமியுங்கள்.

இதுவரை அடர்தீவனம் மட்டும் கொடுத்து வந்தவர்கள் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒரு வாரத்தில் படிப்படியாகப் புல்லைக் கூட்டி, தீவனத்தைக் குறையுங்கள். நல்ல தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும். புழுக்கை சிறுத்தாலோ, முயல் தீனி எடுக்க மறுத்தாலோ, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளினால் பிழைப்பது அரிது.

முயல் வளர்ப்புக்கு யோசனை சொல்பவர்கள் கூண்டுக் கணக்கையும் குட்டிக் கணக்கையும் முதலில் பேசுகிறார்கள். புல் எங்கே விளையும் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். வரப்பிலும் வேலியோரத்திலும் புல்லும் வேலிமசாலும் வளர்க்க இடம் உள்ளவர் கூண்டு வாங்கட்டும். அந்த இடம் இல்லாதவர், தீவனச் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்வதே நல்லது.