தொழிலாளியின் இரத்தம் சொல்லும் சாட்சியம்

காலை ஆறு மணிக்குக் கரையான்சாவடி சந்திப்பில் நின்றால், சாப்பாட்டுப் பையுடன் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் காத்திருக்கும் தொழிலாளர்களைப் பார்க்கலாம். அம்பத்தூர், திருமழிசை தொழிற்பேட்டைகளுக்குச் செல்பவர்கள் இவர்களில் பலர். முலாம் பூசும் பட்டறை, பெயிண்ட் பிரிவு, பேட்டரி வேலை என்று ரசாயனத்தோடு பிழைப்பு நடத்துபவர்களும் உண்டு. மெஷினில் விரல் போனால் அது விபத்து; எல்லோருக்கும் தெரியும். மூச்சு வழியாக அன்றாடம் உள்ளே போகும் நஞ்சு யார் கண்ணிலும் படுவதில்லை.

அதைக் கண்டறிய வழி இருக்கிறது. ஈயத்தை இரத்தத்திலும், பாதரசத்தையும் குரோமியத்தையும் சிறுநீரிலும் அளந்துவிடலாம். இவற்றை ‘பயோமார்க்கர்’ என்கிறார்கள். பட்டறைக் காற்றை அளந்தால் மட்டும் போதாது. ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் இருவரில், கை கழுவாமல் சாப்பிடுபவர் உடலில் அதிக ஈயம் சேரும். காற்றை அளக்கும் கருவிக்கு இது தெரியாது, இரத்தத்தில் தெரியும்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை பற்றிப் பேசுகின்றன. வரவேற்கிறோம். ஆனால் எந்தப் பரிசோதனை என்பதுதான் நம் கேள்வி. சுகரும் பிரஷரும் பார்த்து அனுப்பினால், பேட்டரி உருக்குபவர் உடலில் உள்ள ஈயம் வெளியே வராது.

காலம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கொடைக்கானல் பாடம். அங்கே இயங்கிய இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் பாதரச தெர்மாமீட்டர் ஆலை 2001 மார்ச்சில் மூடப்பட்டது. தங்கள் நோய்களுக்குப் பாதரசமே காரணம் என்றார்கள் தொழிலாளர்கள். வேலையால் யாருடைய உடல்நலமும் கெடவில்லை என்றது நிறுவனம். 591 முன்னாள் தொழிலாளர்கள் மற்றும் அவர்களின் குடும்பங்களுடன் உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆனது.

உடலில் சேர்ந்த பாதரசம் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பாதியாகக் குறைந்துவிடும். ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரைச் சோதித்தால் பழைய கணக்கு கிடைக்காது. பாதிப்பு நிற்கும், சாட்சியம் கரைந்துவிடும். இரத்தத்தில் ஈயமும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகிறது. மீதி எலும்பில் போய்ப் பல ஆண்டுகள் தங்குகிறது. எனவே வேலையில் இருக்கும்போதே, குறித்த இடைவெளியில் சோதித்து எழுதி வைத்தால்தான் பயன்.

அந்த அறிக்கை யார் கையில் இருக்க வேண்டும்? போபால் பேரழிவுக்குப் பின் 1987ல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், அபாயகரமான வேலை செய்பவரின் மருத்துவப் பதிவேட்டைப் பராமரிக்கவும், அதை அவர் பார்க்க அனுமதிக்கவும் நிர்வாகத்துக்குக் கடமை விதித்தது. இந்த உரிமை இருப்பதே பலருக்குத் தெரியாது.

தெரிந்தவர்களுக்கும் ஓர் அச்சம் உண்டு. ‘அளவு கூடுதலாக இருந்தால் வேலை போய்விடுமே!’ நியாயமான அச்சம்தான். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டின் ஈய விதி, அளவு மீறியவரை ஈய வேலையிலிருந்து மாற்றச் சொல்கிறது. அவரது சம்பளத்தை 18 மாதங்கள் வரை குறைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இந்தப் பாதுகாப்பு இல்லாத இடத்தில், பரிசோதனை தொழிலாளியை வெளியேற்றும் கருவியாகிவிடும்.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. செய்யும் வேலைக்கு ஏற்ற பரிசோதனை. அறிக்கையின் நகல் தொழிலாளியின் கையில். அளவு கூடினால் சம்பளம் குறையாத மாற்று வேலை. தொழிற்சங்கங்கள் இதைப் பேச்சுவார்த்தையில் வைக்க வேண்டும். இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் போகும்போது, ‘என்ன நோய்’ என்பதோடு ‘என்ன வேலை, எந்த ரசாயனம்’ என்பதையும் நாமே சொல்ல வேண்டும். ஈய, பாதரச, குரோமிய பாதிப்புகள் தொழில்சார் நோய்களாகச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன.

ஈயத் தூள் சட்டையில் ஒட்டி வீட்டுக்கும் வருகிறது. தூக்கிக் கொஞ்சும் குழந்தையையும் அது தொடும். ஆகவே இது ஆலை வாசலோடு முடிகிற பிரச்சினை அல்ல.