வாசல் பச்சிலை: தாமரையில்லாத தாமரை



சென்ற மாதம் ஒரு நாள் காலை, குக்கர் இரண்டாவது விசில் கொடுத்த நேரம். மாடிப் போர்ஷன் பெண் இறங்கி வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. முகம் வாடிப் போயிருந்தது. கையில் ஒரு பொட்டலம்.

"அக்கா, ரெண்டு நாளா நீர்க்கடுப்பு தாங்க முடியலை. எங்க சின்னம்மா பூந்தமல்லியிலேருந்து இந்தப் பொடியை வாங்கிட்டு வந்திருக்காங்க. கஷாயம் வெச்சுக் குடிச்சா சட்டுனு நின்னுடுமாம். குடிக்கட்டுமாக்கா?"

பொட்டலத்தின் மேல் 'ஓரிலைத் தாமரை' என்று பேனாவால் எழுதியிருந்தது. உள்ளே பழுப்பும் பச்சையுமாகப் பொடி. எந்தச் செடி, வேரா இலையா, எப்போது அரைத்தது, ஒரு விவரமும் இல்லை.

பின்னாலேயே சின்னம்மாவும் வந்துவிட்டார். "எங்க பாட்டி காலத்துலேருந்து குடிக்கிறதுதாம்மா. பச்சிலை என்ன பண்ணிடப் போகுது?"

பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். வாய் சும்மா இருக்குமா? "முதல்லே செடியைப் பார்க்கலாம், வாங்க" என்று இரண்டு பேரையும் தெருக்கோடிக் காலி மனைக்கு அழைத்துப் போனேன்.

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் இப்படிக் காலி மனைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இருக்கிற இடத்தில், வெயிலில் காய்ந்த கரம்பு மண்ணில், புல்லோடு புல்லாக இந்தச் செடி நிற்கும். ஒரு சாண் உயரம். ஒடுங்கிய இலை. காம்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். இலைக் கக்கத்திலிருந்து நூல் மாதிரி ஒரு காம்பு, அதன் நுனியில் ஊதாவும் ரோஜா நிறமும் கலந்த ஒற்றைப் பூ. வேர்ப்பக்கம் கட்டையாக இருப்பதால் கோடையில் மேலே வாடினாலும் மழை விழுந்ததும் மறுபடி துளிர்த்துவிடும்.

"இதுதான் ஓரிதழ் தாமரை. பூவிலே எத்தனை இதழ், எண்ணுங்க" என்றேன்.

"ஒண்ணுதானே இருக்கு?" என்றார் சின்னம்மா.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கச் சொன்னேன். கரண்டி மாதிரி அகன்ற பெரிய இதழ் ஒன்று. அதற்கு மேலே குறுகிப்போன சின்ன இதழ்கள் நான்கு. ஆக மொத்தம் ஐந்து! நம் முன்னோர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்ததை வைத்து 'ஓரிதழ்' என்றார்கள். ஆனால் தாமரைக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது.

அப்படியானால் யாருக்கு உறவு? ஊட்டி மலர்க் காட்சியில் முகம் காட்டிச் சிரிக்குமே பான்சி, அந்த வயலட் குடும்பம். உலகெங்கும் சுமார் 1000 இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் அது. மலைக் குளிரில் வாழும் அக்கா தங்கைகளை விட்டு, இவள் மட்டும் வெயில் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் மாதிரி. ஆப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா என்று வறண்ட வெளிகளில் பரவியிருக்கிறாள். வேடிக்கை என்னவென்றால், தொட்டியில் வளர்க்கிறோமே 'ஆப்பிரிக்கன் வயலட்', அது இந்தக் குடும்பமே இல்லை!

உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று அடையாளங்கள். ஐந்து இதழில் ஒன்று மட்டும் தனியாக இருக்கும். ஐந்து மகரந்தக் கேசரங்களும் சூலகத்தைச் சுற்றி நெருங்கி நிற்கும். காய் முற்றினால் மூன்று பாகமாக வெடிக்கும். வெடித்த பாகங்கள் காய்ந்து சுருங்கும்போது விதையைப் பிதுக்கித் தூர எறியும்.

இவளுக்கு எத்தனை பெயர் தெரியுமா? 17ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்த டச்சு கவர்னர் வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிகஸ்' நூலிலேயே இவள் படம் இருக்கிறது. 1753-ல் லின்னேயஸ் 'வயோலா என்னியாஸ்பெர்மா' என்று பெயர் வைத்தார். 'ஒன்பது விதைக்காரி' என்று பொருள். பிறகு 'அயோனிடியம்' என்றார்கள். பழைய மூலிகைப் புத்தகங்களில் இதைத்தான் பார்ப்பீர்கள். 1876-ல் 'ஹைபாந்தஸ்', அதாவது கூன் பூ. மரபணுவைச் சோதித்துப் பார்த்தபோது ஹைபாந்தஸ் என்று ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தவை பல வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்தது. எனவே 2021-ல் 'பிஜியா என்னியாஸ்பெர்மா' ஆனாள். கல்யாணத்துக்குப் பிறகு நமக்கு இனிஷியல் மாறுகிற மாதிரிதான். வீட்டுப் பெயர் மாறினாலும் 'ஒன்பது விதைக்காரி' மட்டும் கூடவே வருகிறது.

"பேர்லே என்னக்கா இருக்கு?" என்றாள் மாடிப் பெண்.

"உன் பொட்டலத்திலேதான் இருக்கு!" என்றேன்.

கேரள வைத்தியத்தில் 'ஓரிலத்தாமர' என்றால் வேறு செடி. காட்டில் ஒரே ஒரு இலை விடும் ஆர்க்கிட் வகை. நம் பக்கம் ஓரிதழையும் 'ஓரிலை' என்று வாய்தவறிச் சொல்கிறோம். பொடியான பிறகு எது எது என்று யார் சொல்வது? சின்னம்மாவின் பாட்டி நீர்க்கடுப்புக்கு இதைக் கொடுத்தது உண்மையாகத்தான் இருக்கும். நாட்டு வைத்தியத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆனால் பாட்டி தானே பார்த்துப் பறித்தார். நாம் பேனா எழுத்தை நம்புகிறோம்.

சரி, அசல் செடியே என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கர்ப்பிணி தானாகக் குடிக்கக் கூடாது. காரணம் சொல்கிறேன். 1960களில் காங்கோ நாட்டுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் மூலம் போன நார்வே டாக்டர் லோரென்ட்ஸ் கிரான், அங்கே பெண்கள் பிரசவத்தைத் துரிதப்படுத்த ஒரு செடியைக் கொதிக்க வைத்துக் குடிப்பதைப் பார்த்தார். கருப்பையைச் சுருங்கச் செய்தது அதிலிருந்த ஒரு சிறு புரதம். கொதிக்க வைத்தாலும் அது அழியவில்லை. வளையல் மாதிரி முனையில்லாமல் இணைந்திருந்ததும் ஒரு காரணம். அது காபிக் குடும்பத்துச் செடி. ஆனால் அதே வளையல் வகைப் புரதங்கள் வயலட் குடும்பத்திலும் நிறைய உண்டு. 2020-ல் வந்த ஓர் ஆய்வில் நம் ஓரிதழ் தாமரையிலிருந்தே பலவற்றைப் பிரித்தெடுத்தார்கள். சில, சோதனைக் குழாயில் புற்றுநோய் செல்களைக் கொன்றன. அதனால் இது புற்றுநோய்க்கு மருந்தாகிவிடாது. ஆனால் 'பச்சிலைதானே' என்று அலட்சியப்படுத்தும் சமாச்சாரமும் இல்லை. பிரேசிலில் இவளுடைய உறவுக்காரி ஒருத்தியின் வேரை வாந்தி எடுக்க வைக்கவே கொடுப்பார்கள்!

சின்னம்மா பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று மாலையே டாக்டரிடம் போனோம். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்தது. கர்ப்ப காலத்தில் கொடுக்கக்கூடிய மாத்திரை எழுதிக் கொடுத்தார். "கவனிக்காம விட்டிருந்தா கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கும். குறைப்பிரசவம்கூட ஆகலாம்" என்றார். ஒரு வாரத்தில் பெண் பழையபடி கலகலப்பாகிவிட்டாள்.

மறந்துவிடாமல் மூன்று விஷயம்:

1. பெயரை மட்டும் நம்பிப் பொடி வாங்காதீர்கள். முழுச் செடியைப் பார்த்தால்தான் அடையாளம் தெரியும்.

2. கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், கைக்குழந்தை, இவர்களுக்கு எந்தப் பச்சிலையும் கைவைத்தியமாக வேண்டாம். சித்த மருத்துவம்தான் வேண்டுமென்றால் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசினர் மருத்துவமனை, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கின்றன. படித்த வைத்தியரைக் கேளுங்கள்.

3. கர்ப்ப காலத்தில் நீர்க்கடுப்போடு காய்ச்சல், குளிர், இடுப்பு வலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சின்னம்மா ஊருக்குக் கிளம்பும்போது ஒரு முற்றிய காயைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். "மருந்துக்கு இல்லேம்மா. தொட்டியிலே போட்டு, அந்த அஞ்சு இதழை எங்க தெருப் பொண்ணுங்களுக்குக் காட்டறேன்" என்றார்.