"விபிஎன் போடு"ன்னு சொல்றதை நிறுத்துவோம்



யாங்கோனில் ஒரு பில்ட் சர்வர் ஸ்டார்ட் ஆகலைன்னு யாராவது எழுதினா, நம்ம குழுக்கள்ல உடனே வர்ற பதில் ஒண்ணுதான்: "விபிஎன் போடு." நல்ல மனசோடதான் சொல்றோம். ஆனா ஃபயர்வாலைக் கட்டினது யார், வித்தது யார் என்ற கேள்வியை அந்தப் பதில் அப்படியே விழுங்கிவிடுகிறது. கூடவே, ஆபத்து முழுவதையும் யாங்கோனில் இருப்பவர் தலையில் தூக்கி வைக்கிறது.

மியன்மார் ராணுவம் 1 ஜனவரி 2025 அன்று ஒரு சைபர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அனுமதியில்லாமல் விபிஎன் அமைத்துக் கொடுத்தால் 1 முதல் 6 மாதம் வரை சிறை, 10 லட்சம் முதல் 1 கோடி கியாட் வரை அபராதம். 2024 மே கடைசியிலேயே விபிஎன்களை முடக்க ஆரம்பிச்சாச்சு. தெருவில் ஆளை நிறுத்தி, போனை வாங்கி, விபிஎன் இருக்கான்னு பார்த்துப் பணம் பறிச்ச செய்திகள் அப்பவே வந்தன. டொராண்டோவிலோ லண்டனிலோ உட்கார்ந்துகிட்டு நாம "போடு"ன்னு சொல்றது இதைத்தான்.

கோடு எழுதாத தோழர்களுக்காக ஒரு விளக்கம். பல பேர் எழுதுற கோடு துண்டுகளைச் சேர்த்து, சோதிச்சு, ஓடுற மென்பொருளா ஆக்கித் தர்றது பில்ட் சர்வர். ஜென்கின்ஸ் அதில் ரொம்பப் பிரபலம், இலவசம், திறந்த மூலம். முதல் தடவை ஓட்டும்போது அது இணையத்துக்குப் போய்த் தனக்கு வேண்டிய பிளகின்களை இறக்கப் பார்க்கும். முடியலைன்னா "ஆஃப்லைனில் இருப்பதாகத் தெரிகிறது"ன்னு ஒரு திரையைக் காட்டி நின்னுடும். இணையம் இருக்கா இல்லையான்னு அது எப்படிக் கண்டுபிடிக்குது? அதோட அப்டேட் பட்டியலில் பல வருஷமா இருக்கிற சோதனை முகவரி கூகுள் முகப்புப் பக்கம். கூகுள் தெரியலைன்னா உலகமே இல்லைன்னு முடிவு. இதை எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. எப்பவும் இணையம் இருக்கும், யாரும் தடுக்க மாட்டாங்க என்பது அவங்க வாழ்க்கை. அந்த வாழ்க்கையே மென்பொருளுக்குள் விதியா உறைஞ்சு கிடக்கு.

படிப்புக்கு நடுவில் நான் வேலை பார்த்த ஒரு பெரிய நிறுவனத்திலும் இதே ஜென்கின்ஸ் எழுந்திருக்கலை. லாகில் வந்தது "பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்". விஷயம் இதுதான்: ஆபீஸ் ஃபயர்வால் நடுவில் நின்று எல்லாப் பாதுகாப்பான இணைப்பையும் பிரித்துப் படிக்குது. படிச்சுட்டு, தன்னோட சொந்தச் சான்றிதழை ஒட்டி மூடி அனுப்புது. ஜாவா அந்தச் சான்றிதழை நம்ப மறுக்குது. உண்மையில், நடுவில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்னு அது சரியாத்தான் கத்துது. ஆபீஸ் சொன்ன தீர்வு? நிறுவனத்தின் ரூட் சான்றிதழை ஏற்று, பிராக்ஸி முகவரியைப் போடு. அதாவது, நடுவில் இருப்பவரை நம்பு. சர்வர் ஓடிடுச்சு. ஒரு டிக்கெட், அரை நாள் வேலை.

இதே "நம்பு" என்ற கட்டளையை 2019 ஜூலையில் கஜகஸ்தான் அரசு தன் மக்களுக்குப் போட்டது. அரசின் ரூட் சான்றிதழை போனிலும் கணினியிலும் ஏற்றச் சொன்னது. அடுத்த மாதமே குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூணும் அந்தச் சான்றிதழை முடக்கின. ஒரு அரசு செய்தால் உளவு, ஒரு கம்பெனி செய்தால் பாலிசி. தொழில்நுட்பம் ஒண்ணேதான்.

விற்பவர்களும் பல நேரம் ஒரே ஆட்கள்தான். பர்மா ராணுவ அரசின் இணைய வடிகட்டலில் கலிஃபோர்னியாவின் ஃபோர்டினெட் நிறுவனத்தின் ஃபயர்வால் இருந்ததை ஓப்பன்நெட் இனிஷியேட்டிவ் 2005-இல் எழுதியது. ஆபீஸ்களுக்கு பிராக்ஸி பெட்டி விற்ற ப்ளூ கோட்டின் கருவிகள் சிரியாவிலும் பர்மாவிலும் ஓடுவதை டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2011-இல் கண்டுபிடித்தது. இப்போ ஆள் மாறியிருக்கு: சீனாவின் கீட்ஜ் நெட்வொர்க்ஸ். 2025 செப்டம்பரில் கசிந்த 1,00,000-க்கும் மேற்பட்ட ஆவணங்கள், அந்தக் கம்பெனியின் கருவிகள் மியன்மார், பாகிஸ்தான், எத்தியோப்பியா, கஜகஸ்தான் வரை போயிருப்பதைக் காட்டின. சீனா வித்தால் மட்டும் சர்வாதிகாரம், கலிஃபோர்னியா வித்தால் வியாபாரம்னு பேசும் மேற்கத்திய லிபரல் கணக்கை நாம ஏத்துக்க வேண்டியதில்லை. அதே மாதிரி, சீனா வித்ததால் வாயை மூடிக்கிற இடதுசாரியும் நமக்கு வேண்டாம்.

"ஒரு ஆஸ்பத்திரிக்கு ஃபயர்வால் வேண்டாமா?"ன்னு கேட்பீங்க. வேணும். வயலுக்கு வேலி தேவைதான். வேலியே பயிரை மேயும்போதுதான் பிரச்சினை. எதைத் தடுக்கணும்னு யார் முடிவு பண்றாங்க, பாதிக்கப்படுறவங்களுக்குச் சொல்றாங்களா, அவங்களால மறுக்க முடியுமா? இந்த மூணு கேள்விக்கும் பதில் இல்லாத பெட்டி, ஆபீஸில் இருந்தாலும் யாங்கோனில் இருந்தாலும் அதிகாரத்தின் ஆயுதம்தான். நமக்கு இது தூரத்துக் கதையும் கிடையாது. 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்தாங்க. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினாங்க.

சரி, என்ன செய்யலாம்?

முதல் வேலை விற்பவர்களிடம். "வித்தாச்சு, இனி எங்க கையில இல்லை" என்பது சுத்தப் பொய். எந்தத் தளத்தைத் தடுக்கணும் என்ற பட்டியலைக் கம்பெனி தொடர்ந்து அப்டேட் பண்ணினால்தான் இந்தப் பெட்டிகள் ஒழுங்கா வேலை செய்யும். யேமனின் இணையச் சேவை நிறுவனங்களுக்கு அந்த அப்டேட்டை 2009-இல் வெப்சென்ஸ் நிறுத்தியது. நிறுத்த முடியும்னு நிரூபணம் ஆச்சு. நெட்வொர்க் செக்யூரிட்டி துறையில் நம்ம அண்ணன்களும் அக்காக்களும் நிறைய பேர் இருக்காங்க. "உங்க அப்டேட் எந்தெந்த நாட்டுக்குப் போகுது?"ன்னு கேட்க வையுங்க. தனி ஆளா வேண்டாம், யூனியனா கேளுங்க.

ரெண்டாவது, கேம்பஸ். பல்கலைக்கழகங்கள் இந்தப் பெட்டிகளை நம்ம ஃபீஸில்தான் வாங்குது. எந்தக் கம்பெனி, எந்த ஒப்பந்தம், எப்போ புதுப்பிக்குறாங்கன்னு மாணவர் சங்கம் வழியாக எழுதிக் கேளுங்க.

மூணாவது, நம்ம கோடு. திறந்த மூலத் திட்டங்களில் வேலை செய்யும் தோழர்களே, உங்க மென்பொருள் இணையமே இல்லாமல் நிறுவ முடியுதான்னு சோதிங்க. பிளகின்களையும் சேர்த்து ஒரே கட்டா, சரிபார்க்கும் செக்சம்மோட வெளியிடுங்க. கூகுளைக் கேட்டுத்தான் எழுந்திருப்பேன்னு அடம்பிடிக்கும் வரிகளைத் தூக்குங்க. ஒரு பென்டிரைவில் போய்ச் சேரும் கட்டுக்கு விபிஎன் தேவையில்லை. ஆபத்தே இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்த ஆபத்தில் ஒரு பகுதியை நாம வேலையா மாத்தி, நம்ம தோளில் ஏத்திக்கிறோம். ஒற்றுமைன்னு நாம சொல்றதுக்கு இதைவிட எளிமையான அர்த்தம் எனக்குத் தெரியலை.

உங்க கேம்பஸில் எந்தப் பெட்டி இருக்குன்னு கண்டுபிடிச்சு இந்த மெயிலுக்கே ரிப்ளை பண்ணுங்க. வர்ற பதில்களை வெச்சு ஒரு பட்டியல் போடுவோம்.

தோழமையுடன்.