தொட்டிக்குள் ஒண்டுக் குடித்தனம்

மதுரையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கூடத்தில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, குழந்தைகள் ஆசைப்பட்டார்களே என்று நாலு ஏஞ்சல் மீனும் பத்து நியான் டெட்ராவும் வாங்கி விட்டாராம். வாங்கும்போது ஏஞ்சல் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அளவுதான். ஆறு மாதத்தில் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்து விட்டன. நியானோ மூன்றுதான் மிச்சம். "செத்து மிதக்கவும் இல்லை, துள்ளி வெளியே விழவும் இல்லை. சின்னவள் தினம் எண்ணிப் பார்த்து அழுகிறாள். எங்கேதான் போயிருக்கும்?" என்று கேட்கிறார்.

எங்கேயும் போகவில்லை, அம்மா. தொட்டிக்குள்ளேயேதான் இருந்தன, ஏஞ்சல் மீனின் வயிற்றில்!

ஏஞ்சல் என்றால் தேவதை. பெயரையும் அந்த ஒய்யார நடையையும் பார்த்துப் பரம சாது என்று நம்பி விடுகிறோம். ஆனால் அது சிக்லிட் என்ற பெரிய குலத்தில் பிறந்தது. அந்தக் குலத்தில் நமக்கு நன்றாகப் பழக்கமான ஆசாமி ஒருவர் உண்டு. மார்க்கெட்டில் கூறு கட்டி விற்கிறார்களே, அந்த ஜிலேபி மீன்தான்! ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அதை 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். ஏஞ்சல், ஆஸ்கார், டிஸ்கஸ் எல்லாம் அதற்குத் தென் அமெரிக்கப் பங்காளிகள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நியானும் ஏஞ்சலும் ஒரே அமேஸான் நதிப் படுகையைச் சேர்ந்தவை. "ஒரே ஊர் மீன், ஒத்துப் போகும்" என்று கடையில் சொல்வார்கள். பூனையும் எலியும் கூட ஒரே வீட்டில்தான் இருக்கின்றன!

ஒண்டுக் குடித்தனத்துக்கு ஆள் வைக்கிறவர்கள் எத்தனை விசாரிக்கிறார்கள்! எத்தனை பேர், தண்ணீர் எவ்வளவு செலவாகும், சண்டைக்காரர்களா என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். மீனுக்கும் அதே விசாரணைதான். கடையில் பார்க்கிற அளவை மறந்து விடுங்கள். முழு வளர்ச்சியில் எவ்வளவு என்று கேளுங்கள். ஏஞ்சல் சுமார் 15 சென்டிமீட்டர் நீளம் வரும். செட்டைகளோடு சேர்த்தால் உயரம் அதற்கும் மேல். நியான் மூன்று, நாலு சென்டிமீட்டர். வாய்க்குள் நுழைகிற அயலார் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

மிச்சமிருக்கிற மூன்று நியானையும் உடனே வேறு தொட்டிக்கு மாற்றி, இன்னும் ஏழெட்டு வாங்கித் துணை சேருங்கள். கூட்டம் இல்லாவிட்டால் அவை பயந்தே நோஞ்சானாகி விடும்.

ஏஞ்சலுக்கு யாரைச் சேர்க்கலாம்? என்னைக் கேட்டால், மதுரைக்காரர்களுக்கு மாலி மீன்தான் சௌகரியம். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல வீடுகளில் உப்புத் தண்ணீர். மாலிக்கு அது பிடிக்கும். வளர்ந்த மாலி ஏஞ்சலின் வாய்க்கு அடங்காது. (அது போடுகிற குஞ்சுகளைப் பற்றி உத்தரவாதம் கிடையாது!) ஏஞ்சல் பிறந்த நதியில் தண்ணீர் மெதுவானது. ஆனாலும் கடைகளுக்கு வருகிற ஏஞ்சல்கள் பெரும்பாலும் சென்னை கொளத்தூர் பக்கத்தைப் போன்ற இடங்களில் தொட்டியிலேயே பிறந்தவை. ஓரளவு உப்பைச் சகித்துக் கொள்ளும். அடித் தளத்துக்குக் கோரிடோராஸ் என்ற குட்டிக் கெளுத்தி ஆறு விடலாம். சிந்தின தீனியைத் தேடித் தின்றுகொண்டு தன் பாட்டுக்கு இருக்கும்.

டைகர் பார்ப் வேண்டவே வேண்டாம். ஏஞ்சலின் நீண்ட செட்டையைக் கண்டால் அதற்கு வாய் சும்மா இராது; புதுப் புடவைத் தலைப்பைக் கத்தரித்த மாதிரி ஆக்கிவிடும். தங்க மீன் சாதுதான், ஆனால் குளிர்ந்த தண்ணீர் கேட்கிற ஜாதி. நம் சித்திரை வெயிலில் அது தனியாக இருந்தாலே திண்டாட்டம்.

இன்னொரு சங்கதி. நாலு ஏஞ்சலுக்கு இரண்டடித் தொட்டி போதாது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் சுமார் 57 லிட்டர்தான். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 190 லிட்டர் பிடிக்கும். நெரிசலில் யாருக்குத்தான் கோபம் வராது? அதுவும் ஜோடி சேர்ந்து விட்டால் கேட்கவே வேண்டாம். அகலமான இலையிலோ கண்ணாடியிலோ வரிசையாக முட்டை ஒட்டி வைத்து, ஆணும் பெண்ணும் மாறி மாறிச் செட்டையால் விசிறும். அந்த நாட்களில் தொட்டியில் பாதி அவர்கள் பட்டா நிலம். மற்ற இரண்டு ஏஞ்சலும் மூலையில் ஒடுங்கி நிற்கும். அவற்றை அப்போதே பிரித்து விடுங்கள்.

டிஸ்கஸ் கதை இன்னும் அதிசயம். குஞ்சுகளுக்கு முதல் ஆகாரம் பெற்றோரின் உடம்பில் சுரக்கிற ஒரு வழவழப்பான பசை. தாய்ப்பால் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்பாவும் கொடுக்கிறார் என்பதுதான் விசேஷம்! ஆனால் மெது தண்ணீரும் 28 முதல் 30 டிகிரிச் சூடும் மாறாமல் கேட்கிற மீன். கை பழகின பிறகு வாங்குங்கள். ஆஸ்கார் ஓரடி நீளம் வளரும். தீனி போடுகிறவரைக் கண்டால் ஓடி வரும். அதற்கு நீங்களே துணை, வேறு துணை வேண்டாம்.

தொட்டி புதிதானால் எல்லா மீனையும் ஒரே நாளில் விடாதீர்கள். கழிவை மாற்றுகிற நுண்ணுயிர்கள் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். சாதுக்களை முதலில் விட்டு, ஏஞ்சலைக் கடைசியில் விடுங்கள். முதலில் குடியேறுகிறவர் வீட்டுக்காரர் ஆகிவிடுவார்!

கண்ணாடி துடைக்க என்று கொசுறு மாதிரி தலையில் கட்டுகிறார்களே, 'சக்கர்' மீன், அதுவும் ஓரடிக்கு மேல் வளர்கிற ஆசாமி. ராத்திரியில் ஏஞ்சலின் தட்டை உடம்பிலே ஒட்டிச் சுரண்டுவதும் உண்டு. பெரிதாகி விட்டதே என்று கண்மாயிலோ தெப்பக்குளத்திலோ கொண்டு விட்டு விடாதீர்கள். ஜிலேபி வந்த பிறகு கண்மாய்களில் நாட்டு மீன் என்ன பாடு படுகிறது என்று மீன்காரம்மாவைக் கேட்டால் சொல்லுவார். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். இதை வாங்குகிற அன்றைக்கே பேசி வைத்துக் கொள்வது உத்தமம்.