மனு ரசீதும் முதல் தகவல் அறிக்கையும்

காவல் நிலையத்துக்குப் புகாருடன் செல்லும் எளிய மனிதர் ஒருவர், பெரும்பாலும் ஒரு சிறு தாளுடன்தான் வீடு திரும்புகிறார். அதில் ஒரு வரிசை எண், தேதி, அலுவலரின் கையொப்பம் ஆகியவை இருக்கும். 'சி.எஸ்.ஆர். போட்டாகிவிட்டது, கூப்பிடுவோம், போங்கள்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வழக்குப் பதிவாகிவிட்டது என்ற நம்பிக்கையில் அவர் காத்திருப்பார். வாரங்கள் கழித்துக் காப்பீட்டு நிறுவனமோ வழக்குரைஞரோ முதல் தகவல் அறிக்கையைக் கேட்கும்போதுதான், தம்மிடம் இருப்பது அதுவன்று என்பது அவருக்குத் தெரியவரும்.

சமூகப் பணிப் பதிவேடு என்பதன் ஆங்கிலச் சுருக்கமே சி.எஸ்.ஆர். காவல் நிலையத்துக்கு வரும் மனுக்கள் அனைத்தும் குற்றம் பற்றியவை அல்ல. தொலைந்த சான்றிதழ், அண்டை வீட்டாருடன் வாய்த்தகராறு, பாதை குறித்த பிணக்கு என்று பலவும் வரும். அவற்றைப் பதிவு செய்து ரசீது தருவது நல்ல நடைமுறையே. குற்றம் நிகழ்ந்ததாகத் தெளிவாகக் கூறும் புகாருக்கும் அதே ரசீதைத் தந்து அனுப்புவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இந்த ரசீதுக்கு இடமில்லை. புலன் விசாரணை செய்யும் கடமையையோ, நீதிமன்றத்துக்குத் தகவல் அனுப்பும் கடமையையோ அது காவல் துறைக்கு ஏற்படுத்துவதில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகல் குற்றவியல் நடுவருக்குச் சென்றாக வேண்டும். மனு ரசீதோ நிலையத்தின் சுவர்களைத் தாண்டுவதில்லை.

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2013 நவம்பர் 12 அன்றே விடை கூறிவிட்டது. சிறுமி ஒருத்தி கடத்தப்பட்டதாகத் தந்தை அளித்த புகாரை உத்தரப் பிரதேசக் காவல் துறை உரிய நேரத்தில் பதிவு செய்யாததிலிருந்து எழுந்தது லலிதா குமாரி வழக்கு. அதில், அன்றைய தலைமை நீதிபதி ப.சதாசிவம் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு, பிடியாணை வேண்டாக் குற்றம், அதாவது நடுவரின் ஆணையின்றியே காவல் துறை கைது செய்யக்கூடிய குற்றம் புகாரில் வெளிப்படுமானால், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. குடும்பத் தகராறு, வணிகக் குற்றம், மருத்துவக் கவனக்குறைவு, ஊழல், காரணமின்றிப் பெரிதும் தாமதமான புகார் போன்றவற்றில் மட்டும் முன்விசாரணைக்கு இடம் தந்தது. அந்த விசாரணையும் புகார் உண்மையா பொய்யா என்று எடைபோடுவதற்கு அன்று; அத்தகைய குற்றம் புகாரில் வெளிப்படுகிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே என வரையறுத்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, இந்த நிலையை ஒருபுறம் வலுப்படுத்தியும் மறுபுறம் தளர்த்தியும் இருக்கிறது. அதன் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எந்தப் பகுதியில் நிகழ்ந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். 'இது எங்கள் எல்லையில் வராது' என்ற பழைய பதிலுக்கு இனிச் சட்டத்தில் இடமில்லை. மின்னணு வழியாகவும் புகார் தரலாம்; மூன்று நாள்களுக்குள் நேரில் கையொப்பமிட்டால் போதும். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ கட்டணமின்றித் தரப்பட வேண்டும். புலன் விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 193-ஆவது பிரிவு. பாலியல் வன்கொடுமை, அமிலவீச்சு, ஆள்கடத்தல் போன்ற குற்றங்கள் பற்றிய தகவலைப் பதிவு செய்யத் தவறும் அலுவலருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆவது பிரிவு.

தளர்வு 173-ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவில் இருக்கிறது. மூன்றாண்டு அல்லது அதற்கு மேல், ஆனால் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றமானால், காவல் துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதியுடன் 14 நாள்களுக்குள் முன்விசாரணை நடத்தலாம். அதன் நோக்கம், வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று கண்டறிவது. குற்றம் புகாரில் வெளிப்படுகிறதா என்று பார்ப்பது வேறு. முகாந்திரம் இருக்கிறதா என்று ஆராய்வது வேறு. லலிதா குமாரி தீர்ப்பு மூடிவைத்த கதவு, குறிப்பிட்ட அளவுக்கு இங்கே திறக்கப்பட்டிருக்கிறது.

எந்தெந்தக் குற்றங்கள் இந்த வரம்புக்குள் வருகின்றன என்பதைப் பார்த்தால் இதன் தாக்கம் புரியும். சாதாரணத் திருட்டு, சங்கிலிப் பறிப்பு, நம்பிக்கை மோசடி, கணவர் வீட்டாரின் கொடுமை ஆகியவை இதில் அடங்கும். எளிய மக்கள் காவல் நிலையப் படியேறுவது பெரும்பாலும் இவற்றுக்காகத்தான். திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவென்றால், அது பிடியாணை வேண்டாக் குற்றமாகவே கருதப்படாது. தினக்கூலி ஒருவரின் பழைய கைப்பேசி இந்தக் கணக்கில் அடிபட்டுப்போகும். சங்கிலிப் பறிப்பில் 14 நாள்கள் என்பது சிறு தாமதமன்று. கடைகளின் கண்காணிப்புக் கேமராக்களில் பழைய பதிவுகள் சில நாள்களிலோ வாரங்களிலோ அழிந்துவிடுகின்றன. நகை உருக்கப்படுவதற்கும் அவ்வளவு காலம் தேவையில்லை.

காவல் துறையின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கொடுக்கல் வாங்கல் தகராறுக்குக் குற்றச் சாயம் பூசிப் புகார் தருவோர் உண்டு. பகைவரைச் சிறைக்கு அனுப்பவே வழக்குத் தொடுப்போரும் உண்டு. 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில், பேச்சு, எழுத்து சார்ந்த குற்றச்சாட்டுகளில் இந்த முன்விசாரணை வாய்ப்பைப் பயன்படுத்துவதே பொருத்தமானது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கருத்துரிமைக்கு அது காப்பு. ஆயினும், பொய்ப் புகாருக்கு அஞ்சி மெய்ப் புகாரையும் வாசலில் நிறுத்துவது தீர்வாகாது. முதல் தகவல் அறிக்கை பதிவானதுமே கைது செய்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விசாரித்துப் பொய் எனத் தெரிந்தால் வழக்கை முடித்து நடுவருக்கு அறிக்கை அளிக்கலாம். அந்த முடிவு நீதிமன்றத்தின் பார்வைக்கு வரும். மனு ரசீதோடு முடிந்துபோகும் புகாரை யாரும் மறுபடி பார்ப்பதில்லை.

பதிவைத் தவிர்க்கும் மனநிலைக்கு மற்றொரு காரணம், வழக்குகளின் எண்ணிக்கையைக் கொண்டே சட்டம் ஒழுங்கை அளப்பது. எண்ணிக்கை கூடினால் நிலைய அலுவலருக்குக் கெட்ட பெயர், எதிர்க்கட்சிக்கு ஆயுதம். நேர்மையாகப் பதிவு செய்யும் நிலையம் குற்றம் மலிந்ததாகவும், புகாரைத் திருப்பி அனுப்பும் நிலையம் அமைதியானதாகவும் தோன்றும். இந்த அளவுகோலை மாற்றாமல் அலுவலரை மட்டும் குறைகூறிப் பயனில்லை.

புகார்தாரர் செய்யக்கூடியவை சில உண்டு. புகாரை எழுத்து வடிவில் தந்து, ஒரு நகலில் ஒப்புகை பெற வேண்டும். ரசீது கிடைத்தால், வழக்குப் பதிவாகுமா, முன்விசாரணையா, அதற்குத் துணைக் கண்காணிப்பாளரின் அனுமதி உண்டா என்று கேட்க வேண்டும். பதிவு செய்ய மறுத்தால், புகாரின் சாரத்தை அஞ்சலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அதற்கும் பலனில்லையெனில், பிரமாண வாக்குமூலத்துடன் குற்றவியல் நடுவரை அணுகலாம். கண்காணிப்பாளருக்கு அனுப்பிய அஞ்சல் ரசீது அங்கே முக்கியமான சான்று. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைப் புகார்களில், வழக்குப் பதிவுக்கு முன்விசாரணை தேவையில்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஏ பிரிவு தெளிவாகவே கூறுகிறது.

அரசு செய்ய வேண்டியது எளிது, பெருஞ்செலவும் இல்லை. ஒவ்வொரு மனு ரசீதிலும், வழக்குப் பதியாததற்கான காரணமும், முன்விசாரணை எனில் அனுமதியளித்த அலுவலரின் பதவியும், முடியும் நாளும் எழுதப்பட வேண்டும். முகாந்திரம் இல்லையென்று புகாரை முடித்தால், காரணத்துடன் ஒரு வாரத்துக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று லலிதா குமாரி தீர்ப்பு கூறியிருக்கிறது. புதிய சட்டத்தின் உட்பிரிவு அதுபற்றி ஏதும் கூறாததால், மாநில அரசே அதைச் சுற்றறிக்கை மூலம் உறுதி செய்யலாம். அந்தச் சிறு தாளில் இந்த மூன்று வரிகள் சேர்ந்தாலே, அதைப் பெற்றுச் செல்பவர் தம் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும், அடுத்து யாரிடம் செல்ல வேண்டும் என்பதையும் அறிந்துகொள்வார்.