பிள்ளை வீடு மாறினால் பணமும் மாறுமா?



என் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது. மூன்று வாரமாகக் கரும்பலகை தெரியாமல் முதல் வரிசையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பாவைக் கேட்டால் அம்மாவைக் கேள் என்கிறாராம். அம்மா, அப்பாவைக் கேள் என்கிறாராம். இருவரையும் பள்ளிக்கு வரச் சொன்னேன்.

மணவிலக்கு ஆனபோது பையனுக்கு ஐந்து வயது. பட்டணத்தில் அம்மாவுடன் இருந்தான். அப்பா மாதம் 250 வெள்ளி கட்ட வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. ஒழுங்காகத்தான் கட்டி வந்தார். பிறகு அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. பையன் தோட்டத்துக்கு வந்துவிட்டான். பள்ளி நாளில் அப்பா வீடு, சனி ஞாயிறு அம்மா வீடு. "இனிமே காசு வேணாம்" என்று அம்மாவே வாய்ச்சொல்லாகச் சொன்னாராம். இப்போது ஏதோ மனத்தாங்கல். பத்து மாதப் பாக்கி 2,500 வெள்ளி என்று உத்தரவுத் தாளை நீட்டுகிறார்.

"சோறு போடுறது நான், சார். எனக்கே பாக்கியா?" என்றார் அப்பா.

அவர் கேட்டது நியாயந்தான். ஆனால் தாளில் இருப்பது வேறு. நான் வக்கீல் அல்ல. இருந்தாலும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முஸ்லிம் அல்லாத நமக்கெல்லாம் பொருந்துவது 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம். பிள்ளை யாரிடம் இருந்தாலும் அதைப் பராமரிப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 92-ஆம் பிரிவு. வசதியைப் பொறுத்து அம்மாவையும் கட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனதும் பழைய உத்தரவு தானாகச் செத்துப்போவதில்லை. நீதிமன்றம் மாற்றும்வரை பாக்கி மாதாமாதம் ஏறிக்கொண்டே இருக்கும்.

மாற்றுவதற்கு வழி 96-ஆம் பிரிவில் இருக்கிறது. நிலைமை பெரிதாக மாறிவிட்டது என்று காட்டினால், பிள்ளை யாரிடம் இருப்பது, யார் எவ்வளவு கட்டுவது என்ற இரண்டையுமே நீதிமன்றம் திருத்தலாம். இருவரும் ஒத்துப்போனால் அந்தச் சம்மதத்தையே உத்தரவாகப் பதிந்துகொள்ளலாம். வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லாத குறைந்த வருமானக்காரர்கள் சட்ட உதவித் துறையைக் கேட்கலாம். ஜபாத்தான் பந்துவான் குவாமான் என்று பலகை போட்டிருக்கும்.

லயத்தில் இன்னொரு பேச்சு உண்டு: ஏழு வயதானால் பிள்ளை அப்பாவுக்குச் சொந்தமாம். யார் கிளப்பிவிட்டதோ! ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பது நல்லது என்றுதான் சட்டம் கருதுகிறது. அதையும் தக்க காரணம் காட்டி மறுக்கலாம். ஏழைத் தாண்டினால் தானாக எதுவும் மாறாது. விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி பார்ப்பார்.

பதினெட்டு வயதோடு கணக்கு முடிந்தது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 2018 டிசம்பர் 15 முதல், மேற்படிப்போ பயிற்சியோ முடியும்வரை பராமரிப்பு நீளலாம். கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் தாய்மார்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாமார்களே, உத்தரவு மாறும்வரை நீங்களாக நிறுத்தாதீர்கள். முடியவில்லையென்றால் உடனே மனுப் போடுங்கள். பள்ளிச் செலவு, மருந்துச் செலவு ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். பணம் வரவில்லை என்று பிள்ளையைப் பார்க்க விடாமல் கதவைச் சாத்தும் அம்மாமார்களே, அதுவும் தவறு. பணம் வேறு, பார்ப்பது வேறு. பாக்கியைக் கேட்க நீதிமன்றம் இருக்கிறது. அப்பாவைப் பார்க்காமல் போன ஞாயிற்றுக்கிழமையைப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்?

என் முன்னால் உட்கார்ந்திருந்த இருவரும் வெகு நேரம் பேசவில்லை. பிறகு அந்த அம்மா, "சேர்ந்தே போய் எழுதிக்கலாம், சார்" என்றார். கண்ணாடிக்கு ஆளுக்குப் பாதி போட்டார்கள்.

பையன் இப்போது கடைசி வரிசைக்குப் போய்விட்டான். அங்கிருந்தே எல்லாம் தெரிகிறதாம். பேச்சுத்தான் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.