உபவாசமா, நோயா?



வலியசாலையில் ஒரு மாடி வீட்டில் கூடும் நமது வெள்ளிக்கிழமை ஜெபத்திற்கு, சாலைக் கடைத்தெருவில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பல வருவதுண்டு. அவற்றுள் ஒரு குடும்பத்தின் மகள், கல்லூரியில் முதலாம் ஆண்டு படிப்பவள், வாரத்தில் நான்கு நாள் உபவாசம் இருப்பதை அறிந்து, சபை நடுவே அவளைப் பாராட்டினேன். வாலிபருக்கு நல்ல முன்மாதிரி என்றும் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அவளுடைய தாயார் தனியே வந்து, "பாஸ்டர் ஐயா, உபவாசம் இல்லாத நாளிலும் பிள்ளை சாப்பிடுவதில்லை. சோற்றை ஒளித்து வைத்து வெளியே கொட்டுகிறாள். மாதவிலக்கு நின்று மூன்று மாதம் ஆகிறது" என்று அழுதார்கள். நான் பாராட்டியது உபவாசத்தை அல்ல, வியாதியை.

உபவாசிக்கிறவர் ஜெபத்திற்காக உணவை ஒதுக்கி வைக்கிறார். வேளை முடிந்ததும் ஸ்தோத்திரத்தோடு உண்கிறார். அனரெக்சியா நெர்வோசா என்னும் நோய் கண்டவரோ, எலும்பாய்த் தேய்ந்த பின்பும் பருத்துவிடுவோமோ என்று நடுங்குகிறார். இது மேல்நாட்டு வியாதி என்று எண்ணியிருந்தோம். 2025 மார்ச்சில் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 வயதுப் பெண் ஒருத்தி, எடை கூடும் என்று அஞ்சி உணவை ஒதுக்கியே மரித்துப்போனாள் என்ற செய்தியை வாசித்திருப்பீர்கள்.

சத்துணவைப் பற்றிப் புத்தி சொன்னால் போதாதா? போதாது. சென்னையில் 210 மருத்துவ மாணவரை ஆராய்ந்து 1995-இல் வெளியிட்ட ஆய்வில், 31 பேர் தங்கள் உணவையும் எடையையும் குறித்த கலக்கத்தில் இருந்தனர். அவர்கள் சத்துணவை அறியாதவர்களா? நம் பிள்ளையும் ஓர் இட்லியில் எத்தனை கலோரி என்று என்னைவிட நன்றாக அறிந்தவள்.

கற்க வேண்டிய பாடம் வேறு. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், போரினால் பட்டினியுற்றோருக்கு எவ்விதம் உணவளிப்பது என்று அறிவதற்காக, ஆன்சல் கீஸ் என்ற அறிஞர் 36 வாலிபரை ஆறு மாதம் அரைவயிற்றுக்கு உண்ணச் செய்தார். மனச்சாட்சியினிமித்தம் ஆயுதம் ஏந்த மறுத்து, தாங்களாகவே முன்வந்தவர்கள் அவர்கள். உடல் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. திடமனதுள்ள அந்த வாலிபர் நாளெல்லாம் உணவையே நினைத்தனர். சமையல் புத்தகங்களைச் சேர்த்தனர். எரிச்சலும் சோர்வும் கொண்டனர். பட்டினியே மனதைத் திரித்துவிடுகிறது. ஆகையால் பிடிவாதம் என்று பிள்ளையை அடிக்காதீர்கள். பிசாசின் கட்டு என்று இன்னொரு உபவாச ஜெபம் குறித்துக் கொடுக்கும் ஊழியரும் நம்மில் உண்டு. அவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

பயந்துபோய் ஒரே நாளில் வயிறு நிறைய ஊட்டவும் கூடாது. நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென்று மிகுதியாய் உண்டால், இரத்தத்தில் பாஸ்பேட் குறைந்து இருதயமே நின்றுபோகலாம். முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். எங்கே தொடங்குவது என்று அறியாதவர்கள் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழைக்கலாம். இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான முறையில், இளம்பிராயத்தினருக்கு உணவளிக்கும் பொறுப்பு பெற்றோரிடமே ஒப்புவிக்கப்படுகிறது. நம் சகோதரிக்கும் உணவியலாளர் அதையே கற்றுக்கொடுத்தார்: புட்டும் கடலையும், இடையில் ஏத்தன்பழம், மதியம் சோறும் சாளைக் கறியும், மாலையிலும் இரவிலும் இன்னும் ஏதாவது. கூடவே அமர்ந்து தாமும் உண்ண வேண்டும்; கலோரி, எடை என்ற பேச்சே கூடாது. "குண்டு" என்று செல்லமாய் அழைப்பதையும் தகப்பனார் அன்றோடு விட்டார். அந்தச் செல்லத்தில் எத்தனை பிள்ளைகள் காயப்பட்டனரோ!

யவீருவின் பன்னிரண்டு வயது மகளை எழுப்பியபின், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி ஆண்டவர் கூறியதை மாற்கு மறவாமல் எழுதியிருக்கிறார். பல வருடம் அதை வாசித்தும் நான் கடந்துபோயிருக்கிறேன்.

இப்பொழுது உபவாச நாளை அறிவிக்கும்போது, படிக்கிற பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறேன். போன மாதம் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் அரைத்தட்டு மரச்சீனியும் மீனும் உண்டாள். அவள் தாயார் தட்டைப் பாராமல் என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.